இரண்டு பாக்கெட் சட்டை

சித்தப்பாவின் சட்டைக்கு எப்போதும் இரண்டு பாக்கெட் இருக்கும். சுவால்பேட்டையில் ஒரு டெய்லர் கடை, அங்கேதான் தைக்கக் கொடுப்பார். அளவெடுக்கும்போதே, "ரெண்டு பக்கமும் வையிப்பா, மூடி வேணாம்" என்று சொல்லிவிடுவார். போலீஸ்காரர் சட்டை மாதிரி இருக்கிறது என்று சித்தி கிண்டல் செய்வாள். இடது பாக்கெட்டில் தமிழ்நாட்டு சிம் போட்ட போன், வலது பாக்கெட்டில் ஆந்திரா சிம் போட்ட போன். இரண்டுமே நோக்கியா 1100. குழம்பாமல் இருக்க ஆந்திரா போனின் முதுகில் திருத்தணி முருகன் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். முருகன் தமிழ்நாட்டு போனுக்குத்தானே வரணும் என்று கேட்டால், "அந்தப் பக்கம் போனாதான்டா தொணை வேணும்" என்பார்.

அவருக்கு ஜவுளி வியாபாரம். நகரியிலும் புத்தூரிலும் விசைத்தறிக்காரர்களிடம் சரக்கு எடுத்து அரக்கோணம், சோளிங்கர் பக்கம் கடைகளுக்குப் போடுவார். வாரத்தில் மூன்று நாள் ரேணிகுண்டா லைனில் ரயில். திருத்தணி தாண்டி, பொன்பாடி தாண்டி, பெயர்ப்பலகையே பாதி பிளாட்பாரத்துக்கு நீளும் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை வருவதற்குள் இடது பாக்கெட் போன் ஒருமுறை நடுங்கி ரோமிங்குக்குப் போய்விடும். அன்றைக்கு வேறு வட்டத்துக்குள் போனால் வரும் அழைப்புக்கும் காசு. பேசியவன் கொடுத்தது போக, கேட்டவனும் கொடுக்க வேண்டும். எனவே இடதை அணைத்துவிட்டு வலதை எடுப்பார்.

இந்தக் கோடு எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பழையது. திருத்தணி 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. போராடி, படாஸ்கர் பரிந்துரைப்படி எல்லை மாற்றி வரையப்பட்ட பிறகுதான் இந்தப் பக்கம் வந்தது. வந்த பிறகும் கல்யாணம், தறி, கடன், கோயில் எதுவும் அந்தக் கோட்டை மதிக்கவில்லை. என் பாட்டி பாதித் தெலுங்கில்தான் திட்டுவாள். 2000-களில் அந்தக் கோட்டை மறுபடி ஞாபகப்படுத்தியது டெலிகாம் வட்டம்தான்.

நோக்கியா ஏன் வீழ்ந்தது என்று யாரிடம் கேட்டாலும் ஐபோன் என்று ஒரே சொல்லில் பதில் வரும். தவறில்லை. ஆனால் அரக்கோணத்தில் நான் அதைப் பார்த்தது ஐபோன் வழியாக அல்ல. எங்கள் தெருவில் முதல் ஐபோன் வருவதற்கு முன்பே நோக்கியா போய்விட்டிருந்தது. சித்தப்பாவின் வலது பாக்கெட் காலியான நாளிலிருந்துதான் எனக்கு இந்தக் கதை தொடங்குகிறது.

1100 பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2003-ல் வந்த மாடல். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. அவ்வளவு விற்ற போன்கள் உலகத்திலேயே ஒன்றிரண்டுதான். கேமரா கிடையாது, கலர் கிடையாது. தூசி உள்ளே போகாத ஒரே துண்டு ரப்பர் கீபேட், வியர்வைக் கையில் வழுக்காத பக்கவாட்டு, சி பட்டனை அழுத்திப் பிடித்தால் எரியும் டார்ச். நம்மூர் மின்வெட்டைப் பார்த்தவன்தான் போனில் டார்ச் வைக்க யோசித்திருக்க முடியும். இந்தியா மாதிரியான நாடுகளை மனதில் வைத்தே அதை வடிவமைத்தார்கள். லாரி டிரைவர் வரும் விளம்பரம் சிலருக்கு ஞாபகமிருக்கலாம். நம்மைக் கவனித்த ஒரு கம்பெனி அது, இதை முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு டெல்லிக்குப் பேசிய இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பும் நோக்கியா கருவியில்தான் நடந்தது.

அப்படிக் கவனித்த கம்பெனி எங்களுக்கு ஐம்பது கிலோமீட்டருக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. 2005 ஏப்ரலில் தமிழக அரசோடு ஒப்பந்தம். 2006 தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி. சார்ஜர் செய்பவன், பிளாஸ்டிக் செய்பவன், போர்டு அசெம்பிள் செய்பவன் எல்லோரும் அதே வளாகத்துக்குள் கூடவே வந்தார்கள். 2011-க்குள் அந்த ஆலையிலிருந்து 50 கோடி போன்கள் வெளியே போயின. உச்சத்தில் ஆலைக்குள் மட்டும் எட்டாயிரம் பேர், பெரும்பாலும் ப்ளஸ் டூ முடித்த பெண்கள். காஞ்சிபுரம், திருவள்ளூர், அரக்கோணம் என்று சுற்று வட்டாரத்துக்கெல்லாம் கம்பெனி பஸ் வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகும். விடியற்காலை நாலரைக்கு ஸ்டேஷன் பக்கம் போனால், ஈரத் தலையைத் துண்டோடு கட்டிக்கொண்டு கழுத்தில் அடையாள அட்டை தொங்க வரிசையாக நிற்கும் பெண்களைப் பார்க்கலாம். பெருமையாகவும் இருந்தது. அதே ஆலையில்தான் 2010 இறுதியில் ஓர் இளம் தொழிலாளி இயந்திரத்தில் சிக்கி இறந்தார். சங்கம், வேலைநிறுத்தம் எல்லாம் நடந்த இடம். பழைய நாட்களைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிடுவது சுலபம்.

என் பெரியப்பா மகளும் 2008-ல் அந்த பஸ் வரிசையில் சேர்ந்தாள். நோக்கியாவுக்குள் இல்லை, அதற்குப் பாகம் செய்துகொடுத்த ஒரு நிறுவனத்தில்; பெயர் வேண்டாம். அக்காவின் வேலை பேனல் பார்ப்பது. வெள்ளை விளக்குக்குக் கீழே மேல்மூடியைச் சாய்த்துப் பிடித்து, கீறலோ குமிழோ இருந்தால் சிவப்பு டிரேயில் போட வேண்டும், இல்லையென்றால் பச்சை. எட்டு மணி நேரம். அந்த வேலைக்குப் பிறகு யார் கையில் போனைப் பார்த்தாலும் அவள் முதலில் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாள். கல்யாண வீட்டில்கூட.

2009 தீபாவளிக்கு சித்தப்பா ஒரு புது போனோடு வந்தார். சைனா செட். பெயர்கூட நோக்கியா மாதிரியே இருந்தது, ஓர் எழுத்துதான் மாறியிருந்தது. ஸ்பீக்கரைப் போட்டால் மூன்று வீடு கேட்கும். அக்கா வாங்கி, வழக்கம்போலச் சாய்த்துப் பார்த்தாள்.

"அய்ய, இன்னா சித்தப்பா இது. மூடியே சரியா உக்காரல. எங்க லைன்ல இத டிரேல கூட போட மாட்டாங்க, குப்பையிலதான் போடுவாங்க."

"மூடி கெடக்கட்டும்மா. ரெண்டு சிம்மு போடுதா இல்லியா?"

பின்பக்கத்தைத் திறந்து காட்டினார். இரண்டு சிம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, தமிழ்நாடும் ஆந்திராவும். முருகன் ஸ்டிக்கர் மட்டும் இன்னும் இடம் மாறவில்லை.

அந்தக் காட்சியை நான் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். நோக்கியாவின் ஆலைக்கு ஐம்பது கிலோமீட்டரில் இருக்கும் ஒருவருக்கு, தினசரி வாழ்க்கையில் தெளிவான ஒரு தேவை. எல்லைக்காரருக்கு மட்டுமான தேவையும் இல்லை. ராத்திரி ஒரு கம்பெனிக்காரன் இலவசம் கொடுப்பான், பகலில் இன்னொருவன் நொடிக்கு ஒரு பைசா என்பான். ஒவ்வொருவனின் டவரும் ஒவ்வொரு தெருவோடு நின்றுவிடும். இந்தியா முழுக்க பர்ஸில் இரண்டு சிம் இருந்தது. அதை ஷென்சென் பட்டறைக்காரன் செய்து கொடுத்துவிட்டான். உலகத்தின் முதல் போன் கம்பெனியால் ஏன் முடியவில்லை?

தொழில்நுட்பம் தெரியாமலில்லை. ஐரோப்பாவில் போனைக் கடையில் வாங்குபவர்கள் குறைவு. நெட்வொர்க் கம்பெனிதான் மாதக் கட்டணத்தோடு சேர்த்துக் கொடுக்கும். தன் காசில் கொடுக்கும் போனில் போட்டியாளனின் சிம்முக்கும் ஓட்டை போட்டுத் தர எந்த நெட்வொர்க் விரும்பும்? நோக்கியாவின் பெரிய வாடிக்கையாளர்கள் அவர்கள். அதோடு, ஒரே வடிவமைப்பைக் கோடிக்கணக்கில் அடித்து உலகம் முழுக்க விற்பதில்தான் நோக்கியாவின் லாபம் இருந்தது. ஒரு நாட்டின் பழக்கத்துக்காக உள்ளே இருக்கும் போர்டை மாற்றுவது அந்தக் கணக்குக்கு இடைஞ்சல். இன்னொரு பக்கம் தைவானின் மீடியாடெக் சிப்போடு மென்பொருளையும், அதை எப்படிப் போனாக்குவது என்ற வரைபடத்தையும் சேர்த்தே விற்க ஆரம்பித்தது. இருபது பேர் வேலை செய்யும் பட்டறைகூடச் சில மாதத்தில் புது மாடல் இறக்க முடிந்தது.

நடுவில் ஒரு தடங்கல் வந்தது. ஐ.எம்.இ.ஐ. எண் இல்லாத போன்களுக்கு 2009 டிசம்பர் 1 முதல் சேவை கிடையாது என்று அரசு அறிவித்தது. சித்தப்பாவின் செட்டுக்கு எண் இல்லை. காந்தி ரோட்டில் ஒரு கடையில் 199 ரூபாய் கொடுத்து எண் 'ஏற்றிக்கொண்டு' வந்தார். அதற்கு அங்கீகரிக்கப்பட்ட மையங்களே இருந்தன. நோக்கியா பக்கம் திரும்பிப் போவார் என்று அக்கா எதிர்பார்த்தாள். அந்த செட் செத்த பிறகு அவர் வாங்கியது மைக்ரோமேக்ஸ். நோக்கியா 2010-ல் அறிவித்த முதல் இரட்டை சிம் மாடலில் ஒரு நேரத்தில் ஒரு சிம்தான் உயிரோடு இருக்கும், மாற்றுவதற்குப் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக விழித்திருக்கும் நோக்கியாக்கள் நம் கடைகளில் பரவ 2011 ஆகிவிட்டது. அதற்குள் சித்தப்பாவின் வலது பாக்கெட்டில் ரசீதுப் புத்தகம் குடியேறியிருந்தது.

மேல்தட்டிலிருந்து ஐபோன் இறங்கிய கதையை எல்லோரும் சொல்கிறார்கள். கீழ்த்தட்டு எப்படி அரித்தது என்பதற்கு எங்கள் வீட்டுச் சட்டைப் பாக்கெட் சாட்சி.

மேல்தட்டு பற்றிச் சொல்ல எனக்கும் கொஞ்சம் தகுதி உண்டு. 2009-ல் பொறியியல் முடித்து சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தேன். காலை அரக்கோணம் லோக்கல், ராத்திரி அதே லோக்கல். என்னைப் போட்ட இடம் சிம்பியன். நோக்கியா ஸ்மார்ட்போன்களின் இயங்குதளம் அது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காக அதில் ஆப் எழுதினோம். அக்காவிடம், "நீ மூடி பாக்குற, நான் உள்ள இருக்கறத எழுதுறேன்" என்று பீற்றிக்கொண்டது ஞாபகமிருக்கிறது.

சிம்பியனில் எழுதியவர்களைக் கண்டால் இன்றைக்கும் தழுவிக்கொள்ளத் தோன்றும். திரையில் 'வணக்கம்' என்று ஒரு சொல்லைக் காட்ட வேண்டுமென்றால், அந்தச் சொல்லை எந்த வகைப் பெட்டியில் வைப்பது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். மாறும் சொல், மாறாத சொல், வேறிடத்தில் இருக்கும் சொல்லைச் சுட்டும் சொல் என்று ஐந்தாறு வகை. நினைவகத்தில் ஒரு துண்டு கேட்டு வாங்கினால், நடுவில் தவறு நடந்தால் யார் திருப்பிக் கொடுப்பது என்று தனி அடுக்கில் எழுதி வைக்க வேண்டும். வகுப்பு ஒன்றை உருவாக்குவதே இரண்டு கட்டமாகத்தான். இதெல்லாம் முட்டாள்தனம் இல்லை. சிம்பியனின் வேர், சையான் என்ற இங்கிலாந்துக் கம்பெனி 1990-களில் கையடக்கக் கணினிகளுக்காக எழுதியது. சில மெகாபைட் நினைவகத்தில், பேட்டரியைத் தின்னாமல், மாதக்கணக்கில் அணைக்காமல் ஓட வேண்டும். ஒரு பைட் கசிந்தாலும் குற்றம். அந்தக் கறாரால்தான் நோக்கியா போனின் சார்ஜ் அவ்வளவு நாள் நின்றது. 2009-ல் நினைவகம் மலிந்துவிட்டது, ஆனால் கறார் அப்படியே இருந்தது. ஐபோனுக்கு ஒருவன் ஒரு வாரத்தில் எழுதும் ஆப்புக்கு எங்களுக்கு ஒன்றரை மாதம் ஆகும். எழுதி முடித்தாலும், போனின் சில வசதிகளைத் தொடக் கையொப்பச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஒரு மாடலில் ஓடுவது இன்னொரு மாடலில் ஓடாது. வருடத்துக்குப் பத்துக்கணக்கில் மாடல்கள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கிளையாக மென்பொருள். எங்கள் அலுவலகத்தில் சோதனைக்கென்றே ஓர் இரும்பு பீரோ நிறைய நோக்கியாக்கள் இருந்தன.

இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களில் சிலருக்கு வேறொரு ஞாபகம் வரும். அந்தக் காலத்தில் தமிழ் வலைப்பூக்களை நோக்கியாவில் திறந்தால் வரிசையாகக் கட்டம் கட்டமாக வரும். லட்ச ரூபாய் மென்பொருள் மூளையும் பல்லாயிரம் பொறியாளர்களும் இருந்த கம்பெனியின் போனில் ஒரு கொம்பு, ஒரு புள்ளி சரியாக விழாது. அதற்கு ஒரு வைத்தியம் இருந்தது. ஓபரா மினி என்ற பிரவுசரைப் போட்டு, முகவரிப் பெட்டியில் ஓபரா:கான்ஃபிக் என்று அடித்து, கடைசியில் ஒரு வரியில் 'ஆம்' என்று மாற்றினால் தமிழ் வந்துவிடும். எழுத்தாக அல்ல, படமாக. நார்வேக்காரர்களின் சர்வர் ஒன்று நம் கதையை வாங்கி, எழுத்துகளைப் படமாக வரைந்து போனுக்கு அனுப்பும். அரக்கோணம் லோக்கலில் திருநின்றவூருக்கும் திருவள்ளூருக்கும் நடுவே நின்றுகொண்டே நான் படித்த பாதி இலக்கியம் அப்படிப் படமாக வந்ததுதான்.

இதில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது என்று நினைக்கிறேன். நோக்கியாவைப் பொறுத்தவரை, போன் என்பது ஆலையின் கேட்டைத் தாண்டும்போது முடிந்துவிட்ட பொருள். அக்கா பச்சை டிரேயில் போட்ட மூடி மாதிரி. அதன் பிறகு அதில் மாற்ற எதுவும் இல்லை, மாற்ற வேண்டுமானால் அடுத்த மாடலை வாங்க வேண்டும். இரண்டு சிம் வேண்டுமா, அடுத்த மாடல். தமிழ் வேண்டுமா, அடுத்த மாடல். அந்த வழியில் அவர்களை அடிக்க ஆளே கிடையாது. 1998-ல் மோட்டோரோலாவைத் தாண்டி முதலிடம் பிடித்து, 2007 இறுதியில் உலகில் விற்ற பத்து போனில் நான்கு அவர்களுடையது. அதே 2007-ல் ஆப்பிள் கொண்டுவந்த போன் கிட்டத்தட்ட அரைகுறை. வீடியோ எடுக்காது, எம்.எம்.எஸ். போகாது, வெட்டி ஒட்ட முடியாது. பீரோ நிறைய நோக்கியா வைத்திருந்த எங்களுக்கு அது சிரிப்பாகக்கூட இருந்தது. ஆனால் அந்தப் போன் வாங்கிய பிறகும் மாறிக்கொண்டே இருந்தது. அடுத்த வருடம் ஆப் கடை வந்தது, அதற்கடுத்த வருடம் வெட்டி ஒட்டுவது வந்தது. கையிலிருக்கும் அதே கண்ணாடித் துண்டுக்குள். ஆண்ட்ராய்டு அந்த வழியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. ஷென்சென்காரனும் மைக்ரோமேக்ஸும் அதை எடுத்துக்கொண்டார்கள்.

நோக்கியாவில் யாருக்கும் இது தெரியாது என்று சொல்ல முடியாது. 2004-லேயே தொடுதிரையோடு 7710 என்று ஒரு போன் விட்டவர்கள். ஆராய்ச்சிக்கு ஆப்பிளைவிடப் பல மடங்கு செலவழித்தார்கள். லினக்ஸ் அடிப்படையில் மேமோ செய்தார்கள், அதை இன்டெலோடு சேர்த்து மீகோ ஆக்கினார்கள். 2011-ல் வந்த என்9 அழகான போன். வருவதற்கு முன்பே கைவிடப்பட்டது. எங்களைப் போல எழுதுபவர்களுக்குச் சொன்னதும் இப்படித்தான் மாறியது: முதலில் சிம்பியன், 2010-ல் இனிமேல் க்யூடி படியுங்கள், 2011-ல் அதுவும் வேண்டாம், மைக்ரோசாஃப்ட். ஒன்றரை வருடத்தில் மூன்று மதம்.

பின்னாளில் குய் ஹுய், டிமோ வுஓரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் நோக்கியாவில் வேலை பார்த்தவர்கள் உட்பட 76 பேரிடம் பேசி எழுதியதைப் படித்தேன். அவர்கள் சொல்வது பயத்தைப் பற்றி. மேலே இருப்பவர்களுக்குப் போட்டியாளரைப் பற்றிய பயம், நடுவில் இருப்பவர்களுக்கு மேலே இருப்பவர்களைப் பற்றிய பயம். சிம்பியன் இந்தத் தேதிக்குத் தயாராகாது என்று தெரிந்தவர்கள் தயாராகிவிடும் என்றார்கள். மேலே இருந்தவர்கள் அதை நம்பி இன்னும் பெரிய வாக்குறுதி கொடுத்தார்கள். படித்தபோது சங்கடமாக இருந்தது, ஏனென்றால் அதே வேலையை நானும் செய்திருக்கிறேன்.

2011 பிப்ரவரி 11, வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய சில நாட்களாகவே, புதிதாக வந்த தலைவர் ஸ்டீபன் ஈலோப் ஊழியர்களுக்கு எழுதிய கடிதம் சுற்றிக்கொண்டிருந்தது. கடல் நடுவே எரியும் எண்ணெய் மேடையில் நிற்பவன் குளிர்ந்த தண்ணீரில் குதிக்கத்தான் வேண்டும் என்ற உவமை. வெள்ளிக்கிழமை லண்டனில் அறிவித்தார்கள்: இனி நோக்கியா ஸ்மார்ட்போன்களில் விண்டோஸ். சிம்பியன் மெல்ல நிறுத்தப்படும். மாற்று போன் கடைக்கு வர இன்னும் எட்டு மாதம் இருக்கும்போதே, இப்போது விற்றுக்கொண்டிருப்பது செத்துவிட்டது என்று உரிமையாளரே சொன்னார். திங்கட்கிழமை எங்கள் டீம் லீடர் பீரோ சாவியை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அந்த மாதக் கடைசிக்குள் ப்ராஜெக்ட் முடிந்தது. எனக்குப் பெரிய நஷ்டமில்லை. இருபத்து மூன்று வயது, ஆண்ட்ராய்டு படித்துக்கொண்டேன், வேறு டீம்.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது அக்கா கேட்டாள்.

"டேய், டிவில இன்னாமோ நோக்கியா நோக்கியான்றான். இன்னா கதை? நிக்குமா? உனக்குதான் உள்ள கதையெல்லாம் தெரியுமே."

ஏன் கேட்கிறாய் என்றேன். வீட்டுக்குக் கடன் போடலாமென்று இருக்கிறார்களாம். ஓட்டை எடுத்துவிட்டு மேலே தளம் போட்டு, ஒரு ரூம் சேர்த்து. மாமாவுக்கு நிரந்தர வேலை கிடையாது; அவள் சம்பளச் சீட்டை வைத்துத்தான் கடன்.

"நிக்கும்க்கா. இது பெரிய போன் கதை. உங்களுது பட்டன் போனு. பட்டன் போனுக்கு ஒண்ணும் ஆவாது."

பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினேன். ஆனால் என் ப்ராஜெக்ட் போனதை அன்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. உள்ளே இருப்பதை எழுதுகிறேன் என்று பீற்றியவனுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. சித்தப்பா அங்கேயே திண்ணையில் உட்கார்ந்திருந்தார், கையில் மைக்ரோமேக்ஸ். பட்டன் போன் சந்தையும் போய்விட்டது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தளம் போட்டார்கள்.

2012-ன் முதல் மூன்று மாதத்தில் விற்பனையில் சாம்சங் நோக்கியாவைத் தாண்டியது. 2013 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்கு வருமானவரித் துறை வந்தது. அந்த வழக்கு என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்த்தேன். அங்கே செய்யும் ஒவ்வொரு போனுக்குள்ளும் ஏற்றும் மென்பொருள் பின்லாந்துத் தாய்க் கம்பெனியிலிருந்து வருகிறது. அதற்கு இந்தியக் கம்பெனி பணம் அனுப்புகிறது. அது பொருளுக்கான விலையா, ராயல்டியா? ராயல்டி என்றால் அனுப்பும்போதே வரி பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை, எனவே 2,080 கோடி ரூபாய் கட்டு என்றது துறை. போன் எங்கே 'செய்யப்படுகிறது' என்று ஒரு வரி அதிகாரி கேட்டிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அக்காவின் விளக்குக்குக் கீழேயா, பின்லாந்து சர்வரிலா? 2014-ல் மாநில அரசும் 2,400 கோடி கேட்டது. ஏற்றுமதி என்று காட்டியது உள்ளூரில் விற்றது என்று.

இதற்கிடையில் 2013 செப்டம்பரில் நோக்கியா தன் போன் தொழிலையே மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்க ஒப்புக்கொண்டது. வரி வழக்கால் ஸ்ரீபெரும்புதூரின் சொத்து முடக்கம். உச்சநீதிமன்றம் 2014 மார்ச்சில் 3,500 கோடிக்கு உத்தரவாதம் கொடுத்தால் மாற்றிக்கொள்ளலாம் என்றது. கொடுக்கவில்லை. ஏப்ரல் 25 அன்று விற்பனை முடிந்தபோது உலகத்து ஆலைகளில் பெரும்பாலானவை மைக்ரோசாஃப்ட்டுக்குப் போயின, நம்முடையது நின்றுவிட்டது. விருப்ப ஓய்வில் ஐயாயிரம் பேர் அளவுக்கு வெளியேறினார்கள். கொஞ்ச நாள் மைக்ரோசாஃப்ட்டுக்குக் கூலிக்குச் செய்தது. 2014 நவம்பர் 1-ல் அதுவும் நின்றது. கடைசியில் உள்ளே இருந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு.

ஊரில் இன்றைக்கும் "வரி போட்டே தொரத்திட்டாங்க" என்பார்கள். பாதி உண்மை. மூடிய நாளை வரி வழக்கு முடிவு செய்தது. ஆனால் வழக்கே இல்லையென்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் போஹும் ஆலையை 2008-ல் மூடி ருமேனியாவின் குளூஜுக்குப் போனார்கள். குளூஜை 2011-ல் மூடினார்கள். பின்லாந்திலேயே சாலோவில் போன் செய்வதை 2012-ல் நிறுத்தினார்கள். மைக்ரோசாஃப்ட் கைக்குப் போன ஹங்கேரி, சீன ஆலைகளும் ஒன்றிரண்டு வருடத்தில் முடிந்தன. 2015-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய விலைக்கு மேலேயே, 760 கோடி டாலரை நஷ்டமாக எழுதியது. ஸ்ரீபெரும்புதூர் தப்பியிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஒரு பின்குறிப்பு: பொருளோடு சேர்ந்து வரும் மென்பொருளுக்கான பணம் ராயல்டி ஆகாது என்று 2021-ல் உச்சநீதிமன்றம் வேறொரு வழக்கில் சொன்னது. அப்போது அந்த லைன்கள் காலியாகி ஏழு வருடம்.

அக்காவின் நிறுவனம் அந்த நவம்பர் வரைகூட நிற்கவில்லை. ஒரு ஷிப்டில் இருந்தவர்களைக் கேண்டீனில் உட்கார வைத்துச் சொன்னார்களாம். கடனில் மூன்று வருடம்தான் கட்டியிருந்தாள். கழுத்தில் இருந்தது போயிற்று. நான் கொஞ்சம் கொடுத்தேன், அதைக் கடனாகத்தான் வாங்குவேன் என்று நோட்டில் எழுதி வைத்து, மாதம் ஆயிரம் ஆயிரமாகத் திருப்பினாள். பிறகு ஒரு தையல் கம்பெனியில் மறுபடி 'செக்கிங்'. இந்த முறை காலர். "நீதானே நிக்கும்ன" என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போது அதே நோக்கியா வளாகத்தில், அன்று நோக்கியாவுக்கு சார்ஜர் செய்துகொண்டிருந்த சால்காம்ப் ஆலையையே வாங்கி ஐபோனுக்கான சார்ஜர் செய்கிறது. சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கான் ஐபோனையே செய்கிறது. மறுபடி பஸ், மறுபடி பெண்கள், மறுபடி நாலரை மணி. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு சரியில்லாமல் போய் ஆயிரக்கணக்கான பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தபோது அரக்கோணத்தில் பல வீடுகளில் டிவியை அணைக்கவில்லை.

போன ஆடிக்கிருத்திகைக்கு ஊருக்குப் போயிருந்தேன். திருத்தணிக்குக் காவடி போகும் கூட்டத்தில் ஸ்டேஷனே நகர இடமில்லை. அக்கா மகள் டிப்ளமோ முடித்துவிட்டாள், அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் லைனுக்கு எடுத்திருக்கிறார்கள். ஆர்டரைப் போனில் காட்டினாள். அக்கா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, போனை வாங்கி, முதலில் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு கீறல். "எங்க போட்ட இத?" என்று மகளை அதட்டிவிட்டுத்தான் ஆர்டரைப் படித்தாள். சித்தப்பா பக்கத்தில் இருந்தார். இப்போதும் இரண்டு பாக்கெட் சட்டை. இடதில் போன், வலதில் மாத்திரை டப்பா.

"இது நிக்குமாடா?" என்றாள் அக்கா.

"தெரியலக்கா" என்றேன். சென்னையில் எங்கள் கம்பெனியில் ஆள் குறைக்கிற பேச்சு ஓடுவதையும் இந்த முறை சொன்னேன்.

"சரி, அப்ப கடன் இன்னும் ரெண்டு வருசம் போட வேணாம்" என்று மகளிடம் போனைக் கொடுத்துவிட்டு, இலை போட எழுந்து போனாள்.